தம்பிக்கு ராணுவ விசாரணை: ஊர் வக்கீலை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி (மன்னார்குடி பக்கம்):
என் தம்பி ராணுவத்தில் சிப்பாயாகப் பணியாற்றுகிறான். சம்பா அறுவடைக்கு விடுப்பில் வந்த சமயத்தில் அப்பா படுத்துவிட்டதால், விடுப்பு முடிந்தும் சில வாரங்கள் தங்கிவிட்டுத் தானாகவே படைப்பிரிவுக்குத் திரும்பினான். இப்போது அவன்மீது குற்றச்சாட்டு எழுதி, சாட்சியம் பதிவு செய்யப் போகிறார்களாம். எங்கள் நில வழக்கை நடத்திய வக்கீல் உடன் வரச் சம்மதித்திருக்கிறார். ராணுவ விசாரணைக்கு வக்கீலே கிடையாது என்று ஊரில் சொல்கிறார்களே, உண்மையா?

பதில் 1 (ஓய்வுபெற்ற சுபேதார், ஒரத்தநாடு):
அப்படி இல்லை, தம்பி. எந்த வகை கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்றம்) என்பதைப் பொறுத்தது. ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் ஆகிய இரண்டிலும், 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளின்படி வக்கீல் வாதாடலாம்; ஓர் அதிகாரியையும் தன் தரப்பில் பேச உங்கள் தம்பி கேட்கலாம். ஆனால் விடுப்பு மீறிய வழக்கு பெரும்பாலும் சம்மரி கோர்ட் மார்ஷலுக்குத்தான் போகும். அங்கே கமாண்டிங் ஆபீசரே, அதாவது படைப்பிரிவின் தலைமை அதிகாரியே, நீதிபதி. 129-ஆம் விதிப்படி வக்கீல் பக்கத்தில் அமர்ந்து யோசனை சொல்லலாம், சாட்சியிடம் கேட்க வேண்டியதை எடுத்துக் கொடுக்கலாம். தாமே குறுக்கு விசாரணை செய்யவோ வாதாடவோ முடியாது. அத்தனை தூரம் ரயிலேறிப் போய் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு உங்கள் வக்கீல் சம்மதிப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 2 (வழக்கறிஞர், கும்பகோணம்):
சுபேதார் ஐயா சொன்னது சரி. ஆனால் சாட்சியப் பதிவு நடக்கும் இந்தக் கட்டம்தான் முக்கியம், ஏனெனில் பின்னால் எந்த மன்றத்துக்குப் போனாலும் இந்த ஏடுகளைத்தான் புரட்டுவார்கள். அதே ராணுவ விதிகளின் 23-ஆம் விதி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை உங்கள் தம்பிக்கே தருகிறது. வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விசாரணைக்கு உத்தரவானபின், தயாரிக்க அவருக்குக் குறைந்தது 96 மணி நேரம் தர வேண்டும் (போர்ப்பணியில் 24 மணி நேரம்). அப்போது வக்கீலோடு தடையின்றிக் கலந்து பேசலாம். ஆகவே வக்கீலை இப்போதே தொலைபேசியில் அமர்த்துங்கள், பயணம் பிறகு இருக்கட்டும்.

பணிநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையோ விதித்தால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, அங்கே வக்கீல் முழுமையாக வாதாடலாம். 1987-இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில், அந்த வீரர் எவர்மீது புகார் எழுதியிருந்தாரோ அந்த அதிகாரியே விசாரணையில் அமர்ந்ததால், உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

கேட்டவர்:
நன்றி ஐயா. அப்பாவின் மருத்துவமனைச் சீட்டுகளை அனுப்பினால் பயன்படுமா?

பதில் 2:
கட்டாயம் அனுப்புங்கள். ராணுவச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ‘போதிய காரணமின்றி’ விடுப்பைத் தாண்டித் தங்குவதைத்தான் குற்றம் என்கிறது. அறுவடை அப்படியொரு காரணமாக எடுபடாது. தந்தையின் சிகிச்சை எடுபடலாம். மருத்துவமனையில் சேர்த்த நாள், வீட்டுக்கு அனுப்பிய நாள் இரண்டும் தெரியும் டிஸ்சார்ஜ் சம்மரியும், விடுப்பை நீட்டிக்கக் கேட்டு உங்கள் தம்பி படைப்பிரிவுக்குச் செய்தி அனுப்பியிருந்தால் அதன் நகலும் சாட்சியப் பதிவுக்கு முன்பே அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.