பூச்சு வேலைக்கு 18 நாள் எண்டு சொன்னன்

முரசுமோட்டை, கொந்தராத்துக்காரர்:

சாமான் வீட்டுக்காரர் பாடு, கூலி என்ரை பாடு. கனகாலமா இப்பிடித்தான் வேலை எடுக்கிறன். சீமெந்து எத்தினை பை, கல்லு எத்தினை எண்டு அளந்து சொன்னா பெரிசாப் பிழைக்காது. கூலிதான் ஆளைக் கவுக்கிறது.

2022 பங்குனி. அறுவெட்டு முடியட்டும், அப்பதான் ஆக்கள் நிப்பாங்கள் எண்டு பொறுத்திருந்துதான் பூச்சைத் தொடங்கினன். அதிலை நான் கெட்டிக்காரன் எண்டு ஒரு நினைப்பு. மேசன் ரெண்டு பேர், ஆளுக்கு 2,500. கையாள் ரெண்டு பேர், ஆளுக்கு 1,800. ஒரு நாளைக்கு 8,600. 18 நாளுக்கு 154,800 எண்டு பேசி முடிச்சாச்சு.

நாலாம் நாள் மணல் வரேல்லை. ட்ரக்டருக்கு டீசல் இல்லை, பெடியன் பரந்தன் ஷெட்டிலை கானோடை வரிசையிலை நிக்கிறான். என்ரை நாலு பேரும் முதிரை மரத்துக்குக் கீழை. மூத்த மேசன் சாந்தகப்பையைத் தேய்ச்சுத் தேய்ச்சு முகம் பாக்கிற அளவுக்கு மினுக்கிப் போட்டார். மத்தியானம் சோத்துப் பாசலைப் பிரிச்சுச் சாப்பிட்டு, ரெண்டு மணிக்கு, "தம்பி, இண்டைக்கு இனி இல்லைப் போலை" எண்டார். சம்பளம் முழுசா எண்ணிக் குடுத்தன். வேறை என்ன செய்யிறது? வெறுங்கையோடை அனுப்பினா நாளைக்கு வேறை வளவிலை நிப்பாங்கள்.

மணலாலை 6 நாள், சீமெந்தாலை 3 நாள், கரண்ட் இல்லாமல் தண்ணி மோட்டர் ஓடாததாலை 1 நாள். பூச்சு எண்டு பாத்தா 19 நாள்தான். வேலைக் கணக்கு ஒரு நாள்தான் பிழைச்சது! ஆனா நான் குடுத்தது 29 நாள் சம்பளம், 249,400. மிச்சம் 94,600 என்ரை மடியிலை இருந்து போனது.

உங்களுக்கும் இப்பிடி நடந்திருந்தா எழுதுங்கோ.

ஒட்டுசுட்டான், வீட்டுக்காரி:

அண்ணை, நான் மற்றப் பக்கத்தாலை சொல்லுறன். எங்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்திலை 550,000 கிடைச்சது. கட்டம் கட்டமா வேலையைப் பாத்துத்தான் வங்கியிலை போடுவினம். ஊர் முழுக்க ஒரே நேரத்திலை அத்திவாரம் வெட்டினா மேசனுக்கு எங்கை போறது? எங்கடை மேசன் நாலு வளவிலை அட்வான்ஸ் வாங்கிப் போட்டு, கிழமைக்கு ஒரு நாள் எங்களுக்குத் தரிசனம் தந்தார். கூலியும் மாதத்துக்கு மாதம் ஏறினது. கடைசியிலை நானும் மகளும் கையாளா நிண்டம். உங்கடை கணக்கிலை அப்பிடி வேலை செய்த பொம்பிளையளின்ரை கூலி எந்த வரியிலை வரும் எண்டு ஒருக்கா யோசியுங்கோ.

கிளிநொச்சி, கட்டட வேலைக்குச் சாமானும் கூலியும் அளந்து கணக்குப் போடுற கணிய அளவையாளர்:

அண்ணை, ஒரு இலக்கம் சொன்னதுதான் முதல் பிழை. நாங்கள் மூண்டு கேப்பம்: எல்லாம் சரியாப் போனா எத்தினை நாள், வழமையா எத்தினை, கெட்டா எத்தினை. வழமையை நாலாலை பெருக்கி, மற்ற ரெண்டையும் கூட்டி, ஆறாலை பிரிக்கிறது. உங்கடை பூச்சுக்கு 14, 18, 34 எண்டு வைச்சா 120ஐ ஆறாலை பிரிக்க 20 வரும். அமெரிக்கக் கடற்படை 1950களின்ரை கடைசியிலை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்குப் பாவிச்ச முறை இது.

ஆனா எங்கடை மண்ணிலை இதை அப்பிடியே நம்பேலாது. ஒரு வேலை பிந்தினா இன்னொரு வேலை முந்தும், கூட்டிப் பாக்கச் சரிக்கட்டும் எண்ட நினைப்பு அதுக்குள்ளை இருக்கு. இஞ்சை மழை வந்தா கிடங்கு வெட்டு, கல்லரியிறது, வெளிப்பூச்சு எல்லாம் ஒண்டாப் படுக்கும். 2018 மார்கழி வெள்ளத்திலை எந்த வேலை எதைச் சரிக்கட்டினது? டீசல் இல்லாத காலமும் அப்பிடித்தான். அதாலை ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டாமல், எல்லாத்தையும் சேத்து அடிக்கிற ஆபத்துக்கு எண்டு அடியிலை தனி ஒரு வரி போடுங்கோ.

முள்ளியவளை:

நான் கலண்டரைப் பாத்துத்தான் விலை சொல்லுறது. வைகாசியிலை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமை ஒருத்தனும் வரான், கூப்பிடுறவனுக்குத்தான் பாவம். சுனாமி எண்டு சொல்லுற நெல்லு வெட்டுற மெசின் வந்த பிறகு அறுவெட்டுக்கு ஆள் தேவையில்லை எண்டு சொல்லுவினம். சொந்த வயல் வைச்சிருக்கிற மேசன் மெசினுக்குப் பின்னாலை போகாமல் இருப்பானோ?

முரசுமோட்டை, கொந்தராத்துக்காரர்:

தம்பி சொன்ன தனி வரியை நான் இப்ப போடுறன், ஆனா வேறை விதமா. பூச்சு இத்தினை நாள், அதுக்குக் கீழை "காத்திருப்பு, நாளுக்கு இவ்வளவு" எண்டு எழுதுவன். ஒட்டுசுட்டான் தங்கச்சிக்கு, வீட்டாக்கள் கையாளா நிண்டா அந்தச் சம்பளத்தை என்ரை கணக்கிலை கழிச்சுத்தான் எழுதுவன்.

போன மாசம் ஒரு ஐயா கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பாத்திட்டு, "சும்மா இருக்கவும் காசோ?" எண்டு கேட்டார். "மணலை நீங்கள் முதலே பறிச்சு வைச்சா அந்த வரியை வெட்டுறன் ஐயா" எண்டன். ஒண்டும் பேசேல்லை. அடுத்த நாள் விடிய ஆறு மணிக்குப் போன் அடிக்குது. "தம்பி, ரெண்டு லோட் வந்திட்டுது. பேனையை எடுத்துக்கொண்டு வாரும்."