சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த தரவு) கோப்பை எக்செலில் திறந்து கெட்ட அனுபவங்கள்: இங்கே பகிருங்கள்

தேர்வுப்பிரிவு
மதிப்பெண் கோப்பை டபுள் கிளிக் பண்ணித் திறந்து, ஒரே ஒரு மதிப்பெண்ணைத் திருத்தி, சேமித்து எல்எம்எஸ்ஸில் (இணையக் கற்றல் தளத்தில்) ஏற்றியாச்சு. 00451 என்ற பதிவெண் 451 ஆயிடுச்சு. "மாணவர் இல்லை" என்று திரை முழுக்கச் சிவப்பு வரிகள், அதுவும் முடிவு வெளியிடும் நாளில். திறக்கும்போதே சுழியம் போய்விடும். அப்புறம் டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் திரும்பாது. டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக எடுத்து, பதிவெண் நெடுவரிசையை ஏற்றுவதற்கு முன்பே டெக்ஸ்ட் ஆக்கணும்.

வரவுசெலவு
சுழியம் போனால் கண்ணில் படும். 16 இலக்கப் பரிவர்த்தனை எண்ணில் எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், கடைசி இலக்கம் 0. கடைசி இலக்கம் மட்டும் வேறுபட்ட இரண்டு ரசீதுகள் ஒரே எண்ணாகி, 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' ஒன்றை நீக்கிவிட்டது. பணம் கட்டிய வாடிக்கையாளருக்கே பாக்கிக் கடிதம் போனது.

தரவுக்காரர்
இரண்டு பேரும் சொன்னதைவிட மோசமானது விலுக்கப், அதாவது ஒரு பட்டியலில் தேடி மதிப்பை எடுத்துவரும் எக்செல் சூத்திரம். நாலாவது இடத்தில் ஃபால்ஸ் போடாமல் விட்டால் தோராயப் பொருத்தம்தான். தேர்வுக்கே வராத மாணவருக்கு, பட்டியலில் அவருக்கு முந்தைய பதிவெண்ணின் மதிப்பெண் வந்து உட்காரும். பிழைச் செய்தியே வராது. 'தேர்ச்சி' என்று அச்சாகியும்விடும்! அதன் புதிய வடிவமான எக்ஸ்லுக்கப் இருந்தால் அதையே போடுங்கள், அதில் துல்லியப் பொருத்தம்தான் இயல்பு.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மூலக் கோப்பைத் தொடாதீர்கள், நகலில் வேலை செய்யுங்கள். ஏற்றும் முன்னும் பின்னும் வரிகளின் எண்ணிக்கை, தனித்த பதிவெண்களின் எண்ணிக்கை, மதிப்பெண்களின் மொத்தக் கூட்டுத்தொகை மூன்றையும் ஒப்பிடுங்கள். வராதவருக்கு மதிப்பெண் விழுந்தால் வரிக்கணக்கு சரியாகவே இருக்கும், கூட்டுத்தொகைதான் காட்டிக்கொடுக்கும். வரிக்கணக்கும் வேண்டும்: எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவம் 65,536 வரிகளோடு நின்றுவிடும். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டது இதனால்தான். தமிழ்ப் பெயர் இருந்தால் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்றே சேமியுங்கள், இல்லையென்றால் பெயரெல்லாம் கேள்விக்குறி.

மேசை3
தேர்வுப்பிரிவு சொன்ன சுற்றுவழி இப்போது எதற்கு? புதிய எக்செலில் ஆப்ஷன்ஸ், டேட்டா போனால் தானாக மாற்றுவதையே நிறுத்தலாம்.

தேர்வுப்பிரிவு
அது அந்தக் கணினிக்கு மட்டும்தான். கோப்பு துறை, கட்டுப்பாட்டாளர் அலுவலகம், ஏற்றுபவர் என்று மூன்று கை மாறுது. எந்தக் கையில் டபுள் கிளிக் ஆனாலும் சுழியம் போயிடும்.