பாஸ்பேட் கண்ணாடி பிசுபிசுக்கிறது, மின்தடையும் ஏறி இறங்குகிறது: உதவி தேவை

கோபி மாணவி:
வணக்கமுங்க. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு சோடியம் பாஸ்பேட் கண்ணாடி செய்கிறேன். சோடியம் கார்பனேட்டையும் அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டையும் கலந்து உருக்கிப் பித்தளைத் தட்டில் ஊற்றினால் வில்லை தெளிவாகத்தான் வருகிறது, ஆனால் மேசைமேல் வைத்து மறுநாள் எடுத்தால் விரலில் ஒட்டுகிறது. அடர்த்தி பார்க்கத் தண்ணீரில் தொங்கவிட்டால் எடை இறங்கிக்கொண்டே போகிறது. பெரிய குழப்பம் மின்தடைதான். அறை வெப்பத்தில் குறைவாக இருக்கிறது, சூடேற்றினால் 100 டிகிரி வரை ஏறி, அதற்கப்புறம்தான் இறங்குகிறது. சூடானால் குறையத்தானே வேண்டும்? மீட்டர் கோளாறா?

பெருந்துறை அண்ணன்:
மீட்டரை விடுங்க அம்மணி, மூன்றுக்கும் ஈரம்தான் காரணம். இந்தக் கண்ணாடியில் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலிகள், நடுவில் சோடியம். தண்ணீர் புகுந்தால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும்போது திறந்து வைத்தால் ஒட்டாமல் என்ன செய்யும்? மேலே படிந்த ஈரப்படலம் வழியாக மின்சாரம் ஓடுகிறது, அதனால்தான் முதலில் தடை குறைவு. சூட்டில் அது காய்ந்ததும் தடை ஏறுகிறது, அப்புறம் கண்ணாடிக்குள் சோடியம் அயனிகள் நகரத் தொடங்கி இறங்குகிறது. நீங்கள் தேடும் அளவு அந்தக் கடைசிப் பகுதிதான். வில்லையை 150 டிகிரியில் சில மணி நேரம், முடிந்தால் வெற்றிடத்தில், காயவைத்து, அங்கிருந்து சூடு இறங்கும்போது அளவெடுங்கள். உங்கள் கலவை இளகத் தொடங்குவது 280 டிகிரியை ஒட்டித்தான், அதனால் 150 ஒன்றும் செய்யாது. சூடு ஏறும்போதும் இறங்கும்போதும் தடை-வெப்ப வரைபடத்தில் கோடு ஒன்றாக வந்தால் ஈரம் போய்விட்டது என்று நம்பலாம். ஈரத்தால் வளைந்த பகுதியையும் சேர்த்துக் கிளர்வு ஆற்றல் (அயனி இடம்விட்டு நகரத் தேவையான ஆற்றல்) கணக்கிட்டால் தப்பான எண்தான் வரும்.

அடர்த்திக்குத் தண்ணீர் கூடவே கூடாது, சைலீன் என்ற கரிமத் திரவத்தை எடுங்கள்.

கோவை சார்:
எந்த மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) உருக்கினீர்கள்? பீங்கானோ அலுமினாவோ என்றால் பாஸ்பேட் குழம்பு அதையும் கரைத்து எடுத்துக்கொள்ளும், நீங்கள் போடாத அலுமினியம் உள்ளே வந்துவிடும். கொஞ்சம் அலுமினியம் வந்தாலே ஈரத்தைத் தாங்கும் சக்தி கூடும், கடத்தும் அளவும் மாறும். பிளாட்டினம் கிடைக்கவில்லை என்றால் எதில் செய்தீர்கள் என்று அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள். கலவையை நேராக 900 டிகிரிக்குக் கொண்டுபோகாமல், முதலில் 200 முதல் 400 வரை நிதானமாக ஏற்றி அம்மோனியாவும் நீராவியும் வெளியேற விடுங்கள், இல்லாவிட்டால் பொங்கி வழியும்.

கோபி மாணவி:
அலுமினா மூசைதாங்க சார். அண்ணா சொன்னபடி காயவைத்து இறங்கும்போது எடுத்தேன், நேர்கோடு வந்துவிட்டது! இரும்பு ஆக்சைடு சேர்த்தால் ஈரம் ஒட்டாது என்று படித்தேன், சேர்க்கலாமா?

பெருந்துறை அண்ணன்:
ஈரத்துக்கு நல்ல மருந்துதான், இரும்பு பாஸ்பேட் கண்ணாடியை அணுக்கழிவை அடைத்து வைக்கவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் இரும்பு அணுக்களுக்கிடையே எலக்ட்ரானும் தாவும், அப்போது நீங்கள் அளப்பது சோடியமா எலக்ட்ரானா என்று பிரிக்கவேண்டி வரும். இந்த ரிவியூவுக்கு வேண்டாங்க, துத்தநாக ஆக்சைடு போதும். எமரி ஷீட்டில் தேய்க்கும்போதும் தண்ணீர் படாமல் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, உடனே மின்முனைக்குச் சில்வர் பேஸ்ட் பூசி, சிலிகா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) வையுங்கள்.