மின் இணைப்பு இல்லாத தோட்டக் கொட்டகைக்கு எந்த விளக்கு? அவரவர் அனுபவம்

தோட்டத்துக் கோடியில் இருக்கும் கொட்டகைக்கு வீட்டிலிருந்து மின்சாரம் கொண்டுபோவதென்றால் பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்க வேண்டும். விளக்குக்காக மட்டும் அத்தனை வேலை வேண்டாம் என்று சோலாருக்குப் போனேன். இன்றுவரை நிறைவாக எரிகிறது. தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பேனல் எத்தனை வாட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கொட்டகைக்குள் என்ன வேலை செய்கிறோம் என்பதிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு மங்கலான வெளிச்சம் போதும். நான் அங்கே நாற்றுத் தட்டுகளில் விதை ஊன்றுகிறேன், கத்தரிக்கோலைத் தீட்டுகிறேன், மருந்துப் புட்டிகளில் உள்ள பொடி எழுத்துகளைப் படிக்கிறேன். எனக்கு மேசைமேல் நல்ல ஒளி விழுந்தாக வேண்டும். 10 வாட் எல்.இ.டி. ஏறத்தாழ 800 முதல் 1,000 லூமென் (விளக்கு தரும் ஒளியின் அளவு) வரை தரும். சிறிய கொட்டகைக்கு அது தாராளம். அதையும் கூரை நடுவில் ஒரே விளக்காக மாட்டவில்லை. அப்படி மாட்டினால், குனிந்து வேலை செய்யும்போது நம் நிழலே மேசைமேல் விழும். 5 வாட் விளக்குகள் இரண்டு வாங்கி, ஒன்றை மேசைக்கு நேர்மேலேயும் மற்றொன்றை வாசல் பக்கமும் மாட்டினேன்.

10 வாட் விளக்கு நாளுக்கு 2 மணி நேரம் எரிந்தால் 20 வாட்-மணி செலவாகும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்றில் 84 வாட்-மணி இருப்பதாகக் கணக்கு. ஆனால் அந்த வகையில் உள்ள சார்ஜைப் பாதிக்குமேல் அடிக்கடி செலவழித்தால் ஆயுள் குன்றிவிடும். ஆகவே நமக்கு உரியது 42 வாட்-மணிதான். சூரியனே தெரியாத இரண்டு நாளை அது தாங்கும். 20 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் இந்தச் செலவை எளிதில் ஈடுகட்டும். கருமேகம் மூடிய நாளிலோ அதன் விளைச்சல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போகக்கூடும். அதனால்தான் ஆண்டிலேயே வெயில் குறைந்த மாதத்தை வைத்து அளவு முடிவு செய்யுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். கோடையை நம்பி வாங்கிய அமைப்பு, விளக்கு மிகவும் தேவைப்படும் நாட்களில்தான் அணைந்துபோகும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரைத் தவிர்க்காதீர்கள். 12 வோல்ட் பேனல் என்று எழுதியிருந்தாலும், சுமை இல்லாதபோது அதன் முனைகளில் 20 வோல்ட் அளவுக்கு இருக்கும். நேரடியாக இணைத்தால் பேட்டரி அளவுக்குமேல் சார்ஜ் ஆகிக் கெட்டுவிடும். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் வையுங்கள். 12 வோல்ட்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தொட்டால் அதிர்ச்சி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசினால் சிறிய பேட்டரிகூட ஒயரைப் பழுக்கவைக்கும் அளவுக்கு மின்னோட்டம் தரும். வைக்கோலும் பெட்ரோல் கேனும் இருக்கிற இடம் அது.

* * *

பேனல் வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கொட்டகை மரநிழலில் இருக்கிறது. உள்ளே குளிர்ச்சியாக இருப்பதால் விதைகள் நன்றாக இருக்கின்றன. கூரையில் பேனல் வைக்கத்தான் வழியில்லை. பேனலில் உள்ள செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு கிளையின் நிழல் ஓர் ஓரத்தில் விழுந்தாலும் மொத்த விளைச்சலும் பெருமளவு சரிந்துவிடும். அதனால் 10 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் ஒரு கம்பம் நட்டு அதில் பொருத்தினோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் போக வரச் சேர்த்து இழப்பு கால் வோல்ட் அளவுதான். மரத்தை வெட்டச் சொன்னவர்களும் உண்டு. ஒரு விளக்குக்காக மரத்தை வெட்டுவதா?

* * *

இவ்வளவும் எல்லோருக்கும் தேவைப்படாது, நண்பரே. நான் கொட்டகைக்குள் போவதே கருவிகளை எடுக்கவும் வைக்கவும்தான். பேனலும் பேட்டரியும் ஒன்றாகவே உள்ள சிறிய விளக்கைக் கதவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். ஆள் அசைவைக் கண்டு தானாக எரியும். இரு கையிலும் சாமான் இருக்கும்போது அது பெரிய உதவி. ஆனால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த வகை ஒத்துவராது. நகரும் உடல் வெப்பத்தைத்தான் அந்த உணரி அறியும். அசையாமல் விதை பிரித்துக்கொண்டிருந்தால் அணைந்துவிடும். இன்னொன்று, வாங்கும்போதே பின்பக்கம் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டி மூடிய விளக்கில் பேட்டரி போனால் முழு விளக்கும் குப்பைக்குத்தான். தோட்டத்தில் குத்திவைக்கும் சிறு விளக்குகள் பலவற்றில் இருப்பது 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். மங்கிப்போனவற்றைத் தூக்கியெறிய இருந்த ஓர் உறவினரிடமிருந்து வாங்கி செல்லை மட்டும் மாற்றினேன், புதிதுபோல எரிகின்றன.

* * *

ஈய அமில பேட்டரி வைப்பவர்கள் கொட்டகையில் காற்றுத் துளை விடுங்கள். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வெளிவரலாம். முழுதும் அடைத்து மூடிய வகையில் குறைவு, ஆனாலும் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைக்கக் கூடாது. நான் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரிக்கு மாறிவிட்டேன். எடை குறைவு, கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். ஆனால் கன்ட்ரோலரில் அந்த வகைக்கான அமைப்பு இருக்க வேண்டும். உறைபனி விழும் இடத்தில் இருப்பவர்கள் கவனியுங்கள்: 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும். அத்தகைய குளிரில் தானாகவே சார்ஜை நிறுத்தும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

* * *

பகலில் மட்டும் பயன்படுத்துபவர்கள் கூரைத் தகடு ஒன்றை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு போட்டுப் பாருங்கள். நாங்கள் அதோடு நிறுத்திக்கொண்டோம். மண்ணெண்ணெய் விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

மஞ்சள் ஒளி வாங்குவதா வெள்ளை ஒளி வாங்குவதா என்று யாராவது சொல்ல முடியுமா?

* * *

முதலில் எழுதியவன் நான். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் எழுதியிருப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. மேசைக்கு மேலே 4,000 கெல்வின் விளக்கு வைத்திருக்கிறேன். இலையில் படர்ந்த நோயின் நிறம் அதில் தெளிவாகத் தெரிகிறது. வாங்கும்போது நிறம் காட்டும் குறியீடு (CRI, பொருள்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண்) 90 அல்லது அதற்குமேல் உள்ளதாகப் பாருங்கள். வாசலில் 2,700 கெல்வின் மஞ்சள். நீலம் மிகுந்த வெள்ளை ஒளியைவிட அதற்குப் பூச்சிகள் குறைவாக வருகின்றன. இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் போடுங்கள், வாசல் சுவிட்ச் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.