தைப்பிங் மிருகக்காட்சி சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில் பயன் உண்டா?

மீனா, பாகான் செராய்:
வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு இறுதிச் சுற்றுலா தைப்பிங் மிருகக்காட்சி சாலைக்குத்தான் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் முடிவாகிவிட்டது. பேருந்துக்குப் பணம் வசூலிக்கும் நேரத்தில் ஓர் அப்பா எழுந்தார். "கூண்டில் அடைத்த மிருகத்தைப் பார்த்துப் பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ளும்? எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள், காட்டுப்பன்றி, உடும்பு, மரநாய் எல்லாம் காசில்லாமல் காட்டுகிறேன்" என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் தலையாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? டிக்கெட் காசு எங்கே போகிறது? காட்டுக்கு அதனால் ஏதாவது நன்மை உண்டா? அங்கே வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:
அந்த அப்பா சொன்னதில் தப்பில்லையே அக்கா. ஆனால் எங்கள் தோட்டத்தில் கூகைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள், எலி பிடிக்க. அது பகலில் தூங்கும், இரவில் நமக்குத் தெரியாது. பல வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன், அதன் முகத்தை ஒழுங்காகப் பார்த்தது மிருகக்காட்சி சாலையில்தான் லா.

கொட்டகைக்காரன்:
தங்கச்சி, நான் கமுந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். மிருகக்காட்சி சாலைப் பராமரிப்பாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எந்த ஊர் என்பது வேண்டாம்.

காலையில் கொட்டகைக்குள் போனதும் முதலில் சாணியைத்தான் பார்ப்போம். காட்டு மிருகம் நோயை மறைக்கும். நோஞ்சான் என்று தெரிந்தால் காட்டில் அடுத்தவன் தின்றுவிடுவான், அந்தப் பயம் கூண்டிலும் போகாது. அதனால் சாணி இளகியிருக்கிறதா, நேற்றைய இறைச்சியில் எவ்வளவு மிச்சம், தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதிய பிறகுதான் துடைப்பத்தை எடுப்போம். வைத்தியர் வரும்போது அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்.

மயக்க மருந்து கொடுக்காமலே புலிக்கு இரத்தம் எடுக்கலாம். கம்பி ஓரமாக உடம்பைச் சாய்த்துப் படுக்கப் பழக்க வேண்டும். சொன்னபடி படுத்தால் ஒரு விசில், இடுக்கியில் ஒரு துண்டு இறைச்சி. மாதக்கணக்கில் இதையே செய்தால், வாலைக் கம்பிக்கு வெளியே இழுத்துப் பிடித்து வால் நரம்பில் ஊசி குத்தும்போதும் அது இறைச்சியை மென்றுகொண்டிருக்கும். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. வர மனமில்லையா, சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவோம்.

சூரியக் கரடிக்குச் சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் சட்டென்று முடித்துவிட்டு மீதி நாளெல்லாம் சுவரோரமாக ஒரே கோட்டில் நடக்கும். பிள்ளைகள் "கரடி டான்ஸ் ஆடுது" என்று கைதட்டுவார்கள். அது டான்ஸ் இல்லை, சலிப்பு. அதனால் மூங்கிலில் துளை போட்டு உள்ளே தேன் தடவித் தொங்கவிடுவோம். அதன் நாக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். மூங்கிலைக் கட்டிப்பிடித்து, மல்லாந்து படுத்து, நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டே மணிக்கணக்கில் கிடக்கும். நீங்கள் போகும் இடத்தில் இப்படி ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். நல்ல இடமா, வெறும் வேடிக்கை காட்டும் இடமா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். முன்பு ஒரு தனியார் இடத்துக்குப் போயிருந்தேன். சிமெண்டுத் தரை, ஒரு டயர், அவ்வளவுதான். பாதியிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

டிக்கெட் காசு பற்றிக் கேட்டீர்கள். தைப்பிங்கில் இருப்பது 1961-இல் தொடங்கியது, நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. கோலாலம்பூர்ப் பக்கம் உலு கிள்ளானில் உள்ள ஜூ நெகாராவை 1963-இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார். அதை நடத்துவது ஒரு சங்கம், பெரும்பாலும் நுழைவுச்சீட்டு வருமானத்தில். 2020-இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வாசலைப் பூட்டியபோது அதன் பாடு திண்டாட்டமானது. கடையைப் பூட்டலாம், யானையின் வயிற்றைப் பூட்ட முடியுமா? மக்கள் நன்கொடை கொடுத்தும், மிருகங்களைத் தத்தெடுத்தும்தான் சமாளித்தார்கள்.

காட்டுக்கு என்ன நன்மை என்றால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கதை இருக்கிறது. கோலா குலா சதுப்பு நிலத்தில் வெள்ளையாக ஒரு பெரிய நாரை இருந்தது, மலாய்க்காரர்கள் 'பூரோங் போத்தாக் உப்பே' என்பார்கள். 1980களில் நூறுக்கு மேல் இருந்தது, 2005 வாக்கில் பத்துக்கும் கீழே போய்விட்டது. ஜூ நெகாரா 1987-இலேயே அதைக் கூண்டில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்க ஆரம்பித்திருந்தது. அந்த வம்சத்துப் பறவைகளைத்தான் அரசாங்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுடன் சேர்ந்து கோலா சிலாங்கூரிலும் கோலா குலாவிலும் விட்டார்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. வேடந்தாங்கலில் பார்ப்போமே மஞ்சள்மூக்கு நாரை, அதுவும் இதுவும் நெருங்கிய சொந்தம், சேர்த்து வைத்தால் கலந்துவிடும். கலப்புக் குஞ்சைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது, மரபணுச் சோதனை வேண்டும். புலிக்கும், பன்றி போல உடம்பும் நீண்ட மூக்கும் உள்ள கறுப்பு வெள்ளைத் தாப்பீருக்கும் வம்சப் பதிவேடு வைத்து எது எதற்கு அண்ணன், எது தங்கை என்று பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள்; நம் வீட்டுக் கல்யாணத்தில்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

பெரிதாகவும் சொல்லிவிடக் கூடாது. காட்டில் மலாயாப் புலி 150-க்கும் குறைவு. கூண்டில் பிறந்த புலியைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட முடியாது. அதற்கு வேட்டை தெரியாது, மனிதனைக் கண்டால் பயமும் இருக்காது. காட்டில் மீதி இருப்பதைக் காப்பாற்றுவது காட்டில்தான் நடக்க வேண்டும். கண்ணியை நிறுத்தாமல் எத்தனை மிருகக்காட்சி சாலை கட்டினாலும் பிரயோஜனமில்லை.

ஆசிரியை, பாரிட் புந்தார்:
கண்ணி என்றதும் ஒன்று கேட்க வேண்டும் ஐயா. எங்கள் மாணவன் ஒருவன், "மாமா பன்றிக்குக் கம்பி கட்டுவார், எனக்கும் கட்டத் தெரியும்" என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னான். அவனிடம் என்ன சொல்வது?

கொட்டகைக்காரன்:
டீச்சர், கம்பிக்குப் பன்றி எது, தாப்பீர் எது என்று தெரியாது. காலில் இறுகினால் இழுக்க இழுக்க எலும்புவரை அறுக்கும். கண்ணி வைப்பது சட்டப்படி குற்றம், 2010 வனவிலங்குச் சட்டத்தில் சிறைத் தண்டனையே உண்டு. ஆனால் பையனிடம் சட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். தைப்பிங்கில் தாப்பீர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். குட்டி இருந்தால் இன்னும் நல்லது, உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாகத் தர்பூசணிப் பழம் போலிருக்கும். தாய் பதின்மூன்று மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். அதை மட்டும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். மாமாவைப் பற்றி அவன் முன்னால் எதுவும் சொல்ல வேண்டாம்.

மீனா, பாகான் செராய்:
ரொம்ப நன்றி ஐயா. கோலா குலா நாரை விஷயம் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, கூட்டத்தில் அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். இன்னும் ஒரு கேள்வி. இரவு சஃபாரிக்கும் சேர்த்துப் போகலாம் என்கிறார்கள், ஆறு வயதுப் பிள்ளைகள் அதுவரை தூங்காமல் இருப்பார்களா?

கொட்டகைக்காரன்:
பிள்ளைகள் விழித்திருப்பார்கள் தங்கச்சி, ஆசிரியர்கள்தான் தூங்கிவிடுவார்கள். தாப்பீர் இருட்டில்தான் நன்றாக நடமாடும், அதனால் ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள். கொசு மருந்து மறக்க வேண்டாம். சின்னதுகளைத் தனிப் பேருந்தில் பகலிலேயே அனுப்பிவிடுங்கள்.