எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, இனி சி.டி.யும் வேணுமா?

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 27 வயசு. ரெண்டு வருஷமா விடிகாலையில இடுப்பு வலி வந்து எழுந்துடுறான். நடமாடினா குறையுது, படுத்தா கூடுது. ஹெச்.எல்.ஏ. பி27 (இந்த மாதிரி வாதத்தோட தொடர்புள்ள மரபணு) பாசிட்டிவ். முதுகெலும்பு அழற்சி வாதமா இருக்கலாம்னு சொல்றாங்க.

குழப்பமே ஸ்கேன்லதான். சாக்ரோஇலியாக் மூட்டு (முதுகெலும்போட அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேர்ற இடம்) எக்ஸ்ரேயைப் பார்த்த ஒரு டாக்டர் 'கிரேடு 2' (மூட்டு பாதிப்போட அளவு, 0 முதல் 4 வரை) என்றார், இன்னொருவர் நார்மல் என்றார். ஒரே படம்தாங்க! இந்த நோயை உறுதிசெய்ற 1984 நியூயார்க் அளவுகோல்படி ரெண்டு பக்கமும் கிரேடு 2, இல்லேன்னா ஒரு பக்கமாவது 3 இருக்கணுமாம். எலும்பு அந்த அளவு கெட்ட பிறகுதானே எக்ஸ்ரேல தெரியும்?

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஸ்டிர் (நீர்க்கோப்பைக் காட்டுற எம்.ஆர்.ஐ. வகை) படத்துல எலும்பு மஜ்ஜையில நீர்க்கோப்பு இருக்கு, அதாவது இப்போ நடக்கிற அழற்சி. ஆனா அவன் தினமும் ஓடுறவன். ஓட்டக்காரங்களுக்கும் பிரசவமான பெண்களுக்கும் இது வரலாம்னு படிச்சதுல இருந்து தலை சுத்துது. ரிப்போர்ட்ல எலும்பு அரிப்பு (மூட்டு ஓரத்துல எலும்பு அரிச்சுப் போறது) பத்தி 'தெளிவில்லை'ன்னு ஒரே வார்த்தை.

இப்போ குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுக்கலாம்ங்கறாங்க. அரிப்பைக் காட்ட அது எக்ஸ்ரேயை விடத் துல்லியம், ஆனா அழற்சி தெரியாது. இந்த வயசுல கதிர்வீச்சு வேற.

இதே நிலையில இருந்தவங்க யாராவது சி.டி. எடுத்தீங்களா? அதனால சிகிச்சை மாறுச்சா? இல்ல, பழைய எம்.ஆர்.ஐ.யோட டி1 (எலும்போட அமைப்பைக் காட்டுற வகை) படங்களையே அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட்கிட்ட மறுபடி காட்டினா போதுமா? ருமட்டாலஜி (மூட்டுவாத மருத்துவம்) படிச்சவங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கணும், என்ன கேட்கணும்னு தெரிஞ்சா போதும்.