பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் பிஎஃப்எக்ஸ் ஏறவில்லை

லினக்ஸில் தயார் செய்த பிஎஃப்எக்ஸ் ஃபைலை (இணையதளத்தின் சர்டிபிகேட்டையும் அதன் ரகசியச் சாவியான பிரைவேட் கீயையும் ஒன்றாகப் பூட்டி வைக்கும் ஃபைல்) விண்டோஸ் சர்வர் 2016-இல் ஏற்றினால், பாஸ்வேர்டு தவறு என்று வந்து நின்றது. அதே ஃபைல், அதே பாஸ்வேர்டோடு லினக்ஸில் ஒழுங்காகத் திறக்கிறது. சிறப்புக் குறிகள் ஒத்துவரவில்லையோ என்று வெறும் எழுத்தும் எண்ணுமாக வைத்துப் பார்த்தேன். அதற்கும் அதே பதில்தான்.

விஷயம் பாஸ்வேர்டில் இல்லை, ஃபைலை என்கிரிப்ட் செய்த முறையில் இருக்கிறது. லினக்ஸில் இந்த ஃபைலை உருவாக்கும் கருவி ஓப்பன்எஸ்எஸ்எல். 2021 செப்டம்பரில் வந்த அதன் 3.0 பதிப்பு முதல், பிஎஃப்எக்ஸ் ஏஇஎஸ்-256 என்ற என்கிரிப்ஷன் முறையில் பூட்டப்படுகிறது, ஃபைல் மாறவில்லை என்ற சரிபார்ப்புக்கு ஷா-256. சர்வர் 2016-க்கு இது புரியாது. புரியவில்லை என்று சொல்லாமல் பாஸ்வேர்டைக் குறை சொல்கிறது, அதுதான் ஆளை அலைக்கழிக்கிறது. சர்வர் 2019-இல் அதே ஃபைல் அப்படியே ஏறும்.

தீர்வு, பிஎஃப்எக்ஸ் உருவாக்கும்போதே பழைய முறையைக் கேட்டு வாங்குவது: என்கிரிப்ஷனுக்கு டிரிப்பிள் டெஸ், சரிபார்ப்புக்கு ஷா-1. அப்படிச் செய்ததும் உடனே ஏறிவிட்டது. ஆனால் இந்தப் பழைய பூட்டு வலுவில்லாதது. ஏற்றி முடித்ததும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள்; மெயிலில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பழைய விண்டோஸிலிருந்து எடுத்த பிஎஃப்எக்ஸை ஓப்பன்எஸ்எஸ்எல் 3-இல் திறந்தால், ஆர்சி2-40 (இன்னொரு பழைய என்கிரிப்ஷன் முறை) ஆதரிக்கப்படவில்லை என்ற பிழை வரலாம். கட்டளையில் லெகசி என்ற விருப்பத்தைச் சேர்த்தால் திறந்துவிடும்.

*

எனக்கு இதே மாதிரி திசைதிருப்பிய பிழை என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் வந்தது. சர்டிபிகேட்டும் பிரைவேட் கீயும் பொருந்தவில்லை என்றது. இரண்டிலிருந்தும் பொதுச் சாவியை (பிரைவேட் கீயின் ஜோடியான பப்ளிக் கீ) எடுத்து ஒப்பிட்டால் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். (ஆர்எஸ்ஏ வகை கீ என்றால் மாடுலஸை, அதாவது அதிலுள்ள பெரிய எண்ணை, ஒப்பிட்டாலும் போதும். ஈசி வகை கீக்கு மாடுலஸ் கிடையாது, பொதுச் சாவிதான் வழி.)

அப்புறம்தான் சர்டிபிகேட் ஃபைலைத் திறந்து வரிசையைப் பார்த்தேன். இடைநிலை சர்டிபிகேட் (தளத்தின் சர்டிபிகேட்டுக்குக் கையொப்பமிட்ட நிறுவனத்துடையது) மேலே, தளத்தின் சர்டிபிகேட் கீழே. என்ஜின்எக்ஸ் முதலில் இருப்பதைத்தான் தளத்துடையது என்று எடுத்துக்கொண்டு கீயோடு ஒப்பிடும். இடம் மாற்றி ஒட்டியதும் சரியாகிவிட்டது.

ஒரு வேண்டுகோள்: பொருத்தம் பார்க்கிறேன் என்று பிரைவேட் கீயை எந்த இணையதளத்திலும் ஒட்டாதீர்கள். உங்கள் கணினியிலேயே நொடியில் பார்த்துவிடலாம். ஒருமுறை வெளியே போன கீ போனதுதான். சர்டிபிகேட்டை ரத்து செய்து, புது கீ உருவாக்கி, மறுபடி வாங்க வேண்டும்.

*

விண்டோஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்-இல் சர்டிபிகேட் கோரிக்கையை நிறைவு செய்ததும் சர்டிபிகேட் பட்டியலில் தெரிந்தது, ரிஃப்ரெஷ் செய்தால் காணவில்லை! அந்த சர்வரில் அதற்கான பிரைவேட் கீ இல்லாவிட்டால் அல்லது அதோடு இணையாவிட்டால் இப்படி ஆகும். சிஎஸ்ஆர் (சர்டிபிகேட் கேட்டு அனுப்பும் கோரிக்கை ஃபைல்) அதே சர்வரில் உருவாக்கியது என்றால், விண்டோஸிலுள்ள செர்ட்யூட்டில் கருவியின் ரிப்பேர்ஸ்டோர் கட்டளை பெரும்பாலும் இணைத்துவிடும். வேறு கணினியில் உருவாக்கியது என்றால் கீ அங்கேதான் இருக்கும். அங்கிருந்து கீயோடு சேர்த்து பிஎஃப்எக்ஸாக எடுத்து வாருங்கள். சர்வர் 2016 என்றால் முதலில் சொன்ன டிரிப்பிள் டெஸ் விஷயத்தை மறக்க வேண்டாம்.